பதினேழில் பதின்மூன்று போக மீதி

முதலில் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, முதல் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போகிற ஆட்கள் மாதிரி இருக்கும். ஒற்றெழுத்தை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதிலும் எனக்கு எப்போதும் சந்தேகம். சந்தேகம் வந்தால் போட்டுவிடுவேன். (ஜாஸ்தியாக இருப்பதை நீங்களே எடுத்துவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.)

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் கூச்சக்காரன். அதுவும் சாதாரணக் கூச்சம் இல்லை. ஷேர் ஆட்டோவில் போகும்போது என் இடம் வந்துவிட்டால், "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராது. வேறு யாராவது இறங்குகிற வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்து, அவரோடு நானும் இறங்கி, வந்த வழியே திரும்பி நடப்பேன். டீயில் சர்க்கரை போட மறந்து கொடுத்தாலும் குடித்துவிட்டு, கடைக்காரரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வருவேன்.

இப்படிப்பட்ட ஆள் பிழைத்ததே கிளாரினெட்டால்தான். அதை வாயில் வைத்துக்கொண்டால் யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள்.

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் எனக்கு டாகிள் செக்‌ஷனில் வேலை. ஈரமான தோலை ஓட்டை போட்ட இரும்புச் சட்டத்தில் விரித்து, நாலு பக்கமும் இழுத்துக் கிளிப் மாட்டி, காயவைக்க வேண்டும். ஈரத் தோலை இழுத்தால் நீளும். இந்த வேலையில் தெரிந்துகொள்ள வேண்டியது முக்கால்வாசி அவ்வளவுதான். (அந்த ஒரு வரி சரியான நேரத்தில் என் மண்டையில் வந்திருந்தால், இதை எழுதவேண்டிய அவசியமே இருந்திருக்காது.)

லீவு நாளிலும் முகூர்த்த நாளிலும் டேவிட் மாஸ்டரின் பேண்டு செட்டில் வாசிப்பேன். மாஸ்டர் டிரம்பெட். நான் கிளாரினெட். மீதிப் பேர் எல்லாம் அடிக்கிறவர்கள்.

என் கிளாரினெட் பழசு. பதின்மூன்று கீ வைத்தது. கிளாரினெட்டைக் கிட்டத்தில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். புல்லாங்குழல் மாதிரி அதிலும் துளைகள் உண்டு. ஆனால் சில துளைகள் விரலுக்கு எட்டாத இடத்தில் இருக்கும். அந்தத் துளைமேல் ஒரு சின்ன மூடி, மூடியிலிருந்து விரல் பக்கத்துக்கு ஒரு கம்பி. கம்பியை அமுக்கினால் மூடி திறக்கும், அல்லது மூடும். இதைத்தான் கீ என்போம்.

எங்கள் பக்கத்துப் பேண்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தேவைப்படாத கீயைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்கிறோம். கூட்டத்தில் யாராவது இடிப்பார்கள், விரல் தவறிப் பட்டு மூடி திறந்துகொள்ளும், சுரம் எகிறும். அதற்குப் பயந்து, சைக்கிள் டியூபை மெலிதாக வெட்டி மூடியின்மேல் இறுக்கிச் சுற்றிவிடுவோம். என்னுடைய பதின்மூன்றில் ஐந்து அப்படிக் கட்டுப்பட்டுக் கிடந்தன. பார்ப்பதற்கு, மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஒரு ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் எட்டு கீயை வைத்துக்கொண்டே எல்லாக் கல்யாணத்தையும் ஒப்பேற்றிவிட்டேன்.

என் கல்யாணம்தான் ஒப்பேறவில்லை.

இரண்டு இடம் பார்த்து இரண்டும் போய்விட்டது. முதல் இடத்தில் நான் வாயே திறக்கவில்லை. பெண்ணின் மாமா என் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "பையனுக்குக் காது கேக்கும் இல்ல?" என்று விசாரித்தார். இரண்டாவது இடத்துக்குப் போகும்போது தேவகி அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்: "ஏதாவது ஒண்ணு பேசுடா. ஒரே ஒரு வார்த்தை. மரியாதையா ஒரு கேள்வி கேளு, போதும்." நானும் தைரியத்தை எல்லாம் திரட்டி, பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "வர்றதுக்கு பஸ்ஸு கெடச்சுதாங்களா?" என்று கேட்டேன்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது அவர் வீட்டில்.

மூன்றாவது இடம் ராணிப்பேட்டையில் அமைந்தது. பெண் பெயர் கலைச்செல்வி. ஷூ கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். இந்த முறை அக்கா வேறு திட்டம் போட்டாள்.

"உன்னைப் பேச வெச்சாத்தானடா கெடுது? வாசிக்க வெச்சுடறேன். வைகாசியில நம்ம ஊர்ல மாப்பிள்ளை அழைப்பு ஒண்ணுக்கு உங்க செட்டுதானே போகுது? அவங்களை அன்னைக்கு வரச் சொல்லிட்டேன். மண்டபத்துக்கு எதிர்ல டீக்கடை ஓரமா நிப்பாங்க. நீ பாட்டுக்கு வாசிச்சிக்கினு போ. புடிச்சிருந்தா அங்கயே பேசி முடிச்சிடலாம்."

எனக்கு உயிர் வந்தது. பேசவே வேண்டாம்! ஆனால் அக்காவின் கண் என் கிளாரினெட் பக்கம் போனது.

"இதையா எடுத்துக்கினு போகப்போறே?"

"ஏன்க்கா?"

"அந்தப் பொண்ணு செக்கிங்ல கீது. ஒரு தையல் கோணலா இருந்தா ஷூவைத் தூக்கி ஓரமா போட்ருமாம். இந்த டியூபையும் கட்டையும் பார்த்தா உன்னை எங்க போடும்?"

நியாயமான கேள்வி. அடுத்த நாளே வேலூருக்குப் பஸ் ஏறினேன்.

வேலூர் பஜாரில் ரஃபீக் பாய் பேண்டு வாத்தியங்கள் ரிப்பேர் பண்ணுவார், வாடகைக்கும் கொடுப்பார். நான் வந்த விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் இரண்டு டீ குடித்துவிட்டார். கடைசியில் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு கிளாரினெட். கறுப்பு மரத்தில் வெள்ளியாக மின்னிக்கொண்டு, உடம்பு முழுக்கக் கீ.

"பதினேழு கீ தம்பி. இது வேற சிஸ்டம். உன்னோடது பழைய சிஸ்டம். விரல் மாறும். புரியுதா?"

தலையாட்டினேன்.

"எதுனா கேக்கணும்னா கேளு. எங்க வாசிச்சுக் காட்டு, பார்க்கலாம்."

கடையில் இன்னும் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் வாசிப்பதா? "அர்ஜென்ட்டா போகணும் பாய்" என்று பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன். (அர்ஜென்ட் ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.)

ஊர்வலத்தில் நூறு பேர் முன்னால் வாசிக்கிறவன் மூன்று பேருக்குக் கூச்சப்படுவானா என்று கேட்பீர்கள். ஊர்வலத்தில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். மூடிவிட்டால் யாரும் இல்லை. கடையில் கண்ணை மூடினால், பாய் எனக்கு மயக்கம் என்று தண்ணீர் தெளித்துவிடுவார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். விரல் மாறும் என்று பாய் சொன்னது ஞாபகம் இருந்தது. எப்படி மாறும் என்று போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போனில் பேசுவது என்றால் எனக்கு நேரில் பேசுவதைவிடக் கூச்சம். அதனால் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் கழித்தல் எனக்கு நன்றாக வரும்.

பதினேழிலிருந்து பதின்மூன்று போக மீதி நாலு.

ஆக, இது என் பழைய கிளாரினெட்டேதான். மேலே நாலு கீ சேர்த்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த நாலைக் கட்டிப்போட்டுவிட்டால் பழையபடி வாசிக்கலாம். அந்த நாலு எது என்று தேடினேன். தேடவே வேண்டியதில்லை. வலது கை ஆள்காட்டி விரலுக்குப் பக்கத்தில், ஒரே வரிசையாக, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நாலு பேர் மாதிரி நாலு கீ நின்றுகொண்டிருந்தது. பழைய கிளாரினெட்டில் என் விரல் சாய்ந்து ஓய்வெடுக்கிற இடம் அது. அங்கே வெறும் மரம்தான் இருக்கும். விடை சரியாக வந்த சந்தோஷத்தில் தொடையில் தட்டிக்கொண்டேன்.

எதை வைத்துக் கட்டுவது என்பது அடுத்த கேள்வி. சைக்கிள் டியூப் கூடாது. அழகாக இருக்கவேண்டும். பார்க்கப்போவது செக்கிங் பெண். கம்பெனியில் கழித்துப்போட்ட ஆட்டுத்தோல் துண்டுகளில் ஷூவுக்கு உள்ளே வைக்கிற லைனிங் தோல் ஒன்றைப் பொறுக்கினேன். வெண்ணெய் மாதிரி மெத்தென்று, சந்தன நிறத்தில் இருந்தது. ரிப்பன் மாதிரி மெலிதாக நறுக்கி, நாலு மூடிமேலும் சுற்றி, முடிச்சைப் பின்பக்கம் மறைத்துவிட்டேன். கடையிலேயே அப்படிச் செய்து கொடுத்தது போல இருந்தது. எத்தனையோ வருஷமாக ஈரத் தோலை இழுத்து நீட்டியே சம்பளம் வாங்குகிறவன், வாயும் வேர்வையும் படுகிற இடத்தில் தோலைக் கட்டினேன். அதைக் கட்டிவிட்டு அழகு பார்த்தேன்.

சரி, பழகிப் பார்க்கவேண்டாமா? வீட்டில் முடியாது. எங்களுடையது வரிசை வீடு. நான் தும்மினால் நாலாவது வீட்டில் "யாரு ஏழுமலையா?" என்று கேட்பார்கள். யாருக்கும் கேட்காத இடம் ஒன்றுதான் இருந்தது. கம்பெனியில் டிரம் செக்‌ஷன்.

டிரம் என்றால் நீங்கள் நினைக்கிற மேளம் இல்லை. தோலை ஊறவைத்துச் சுற்றுகிற மரப் பீப்பாய்கள். ஒவ்வொன்றும் ஒரு ரூம் அளவு இருக்கும். அது சுற்றும்போது உள்ளே தண்ணீரும் தோலும் புரண்டு விழுகிற சத்தத்தில், பக்கத்தில் நிற்கிற ஆள் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. சாப்பாட்டு நேரத்தில் அந்த வரிசைக்குப் பின்னால் போய் நின்று வாசித்தேன். ஒரு வாரம். என் விரல் பழைய இடங்களில் ஜோராக ஓடியது. ஒரு தப்புக்கூட என் காதில் விழவில்லை.

வேறு எதுவும்தான் விழவில்லை. அதை நான் யோசிக்கவில்லை.

அந்த நாள் வந்தது. வைகாசி சாயங்காலம். எங்கள் பக்கத்து வெயில் பொழுது இறங்கிய பிறகும் போகாது, சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்ட விருந்தாளி மாதிரி. பிள்ளையார் கோயில் வாசலில் ஜோடித்த கார் நின்றது. மாப்பிள்ளை டிரஸ் மாற்றி வர ரொம்ப நேரம் ஆனது. நான் கிளாரினெட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூச்சக்காரனுக்கு வேர்ப்பது முகத்தில் இல்லை, உள்ளங்கையில்.

டேவிட் மாஸ்டர் வாத்தியத்தைப் பார்த்துக் கண்ணை விரித்தார்.

"இன்னா ஏழு, புது மாப்பிள்ளை நீயா அவனா? பளபளன்னு கீது! பழகிட்டியா?"

"ஒரு வாரம் வாசிச்சேன் மாஸ்டர்."

"சுருதி குடு."

ஊதினேன். ஒரு துளையும் மூடாமல் ஊதுகிற அந்தச் சுரம் இரண்டு வகை கிளாரினெட்டிலும் ஒன்றுதான். அது மட்டும் இல்லை, இடது கை விரல்கள் வாசிக்கிறதில் பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றுதான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாஸ்டருக்கும் அப்போது தெரியவில்லை. "சூப்பர். சுத்தமா கீது" என்றார்.

ஊர்வலம் கிளம்பியது. மண்டபத்தை நெருங்கினோம். அரைக்கண்ணைத் திறந்து பார்த்தேன். டீக்கடை ஓரத்தில் அக்கா. அவள் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர், விறைப்பாக. அவருக்குப் பக்கத்தில் பச்சைப் புடவையில் ஒரு பெண். சட்டென்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

மாஸ்டர் எனக்கென்றே வைத்திருக்கும் ஒரு பாட்டை ஆரம்பித்தார். அதன் முதல் வரி முழுக்க மேலேயே நிற்கும், இடது கை மட்டும் போதும். வாசித்தேன் பாருங்கள், அப்படி ஒரு வரியை நான் அதற்கு முன்னாலும் வாசித்ததில்லை, பின்னாலும் வாசித்ததில்லை. தேன். கூட்டத்தில் யாரோ "அடடா" என்றார்கள். முடிந்தது, கல்யாணம் நிச்சயம் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது.

இரண்டாவது வரி கீழே இறங்கும். வலது கை முதல் விரலை வைத்தேன்.

பழைய சிஸ்டத்தில் அந்த விரல் ஒரு சுரம் கொடுக்கும். புதிய சிஸ்டத்தில் அதே விரல் அதற்கு அரைச் சுரம் கீழே கொடுக்கும். அரைதானே என்று நினைக்காதீர்கள். ஒரு சுரம் முழுசாகத் தப்பினால் அது வேறு பாட்டு என்று ஜனங்கள் விட்டுவிடுவார்கள். அரைச் சுரம் தப்பினால் பல் கூசும்.

மாஸ்டரின் டிரம்பெட்டும் என் கிளாரினெட்டும் உரசிக்கொண்டன. எனக்கும் கேட்டது. அப்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், மாஸ்டருக்கு வயசாகிவிட்டது, சுருதி நழுவுகிறது என்று நினைத்தேன். அவருக்கு வழி காட்டுவதற்காக இன்னும் பலமாக ஊதினேன்.

டிரம்பெட் நின்றது. மாஸ்டர் கையை உயர்த்தி என்னை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறவனுக்குக் கை எங்கே தெரியும்? ஆனால் அடிக்கிறவர்கள் எல்லாரும் பார்த்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஒரே புல்லரிப்பு. பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்து மாஸ்டர் என்னைத் தனியாக வாசிக்க விட்டிருக்கிறார்! என்ன மனசு!

அந்த நேரம் பார்த்துத் தோல் நீண்டது.

உள்ளங்கை வேர்வையில் ஊறி, நாலு தோல் வாரும் தளர்ந்து, மூடிகள் விடுதலை ஆகிவிட்டன. என் ஆள்காட்டி விரல் வழக்கம்போல ஓய்வெடுக்கப் போய், வெறும் மரம் என்று நினைத்து அந்த நாலு கீமேல் சாய்ந்தது. மூடி திறந்தது. சுரம் ஒரு பனைமர உயரத்துக்குத் தாவியது. பயந்து விரலை எடுத்தேன், கீழே விழுந்தது. விரல் நடுங்கியது. நடுங்கும் விரல் கீயை அமுக்கியும் விட்டும், மேலே, கீழே, மேலே, கீழே...

நீ... நா... நீ... நா... நீ... நா...

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்தப் பக்கத்து ஆம்புலன்ஸ் எல்லாம் அங்கேதான் ஓடும். எங்கள் ஜனங்கள் எதில் சண்டை போட்டுக்கொண்டாலும், அந்தச் சத்தம் கேட்டால் மட்டும் யோசிக்காமல் ஒதுங்கி வழி விடுவார்கள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கால் தானாக ஓரத்துக்குப் போகும்.

ஊர்வலம் இரண்டாகப் பிளந்தது. சீர்த்தட்டுப் பெண்கள் இடது பக்கம், லைட் தூக்குகிறவர்கள் வலது பக்கம். "வழி விடு, வழி விடு! குழந்தையைப் புடி!" என்று யாரோ கத்தினார்கள். மாப்பிள்ளை காரின் டிரைவர் பொறுப்பான மனிதர். வண்டியை அப்படியே ஒடித்துப் பக்கத்துச் சந்துக்குள் விட்டுவிட்டார், மாப்பிள்ளையோடு. "யார் பெத்த புள்ளைக்கு இன்னா ஆச்சோ" என்று ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டதாக அக்கா பிறகு சொன்னாள்.

சுற்றிலும் ஜனங்களின் சத்தம் இல்லாமல் போனதும் எனக்குச் சந்தேகம் வந்தது. கண்ணைத் திறந்தேன்.

ரோடு காலி. இரண்டு ஓரத்திலும் ஜனங்கள் மரியாதையாக நிற்கிறார்கள். அத்தனை பேரும் எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸைத் தேடுகிறார்கள். நடு ரோட்டில் நான் ஒருவன் மட்டும், பளபளக்கும் கிளாரினெட்டோடு.

"டேய் ஏழு!" மாஸ்டர் ஓடி வந்தார். "இன்னாடா பண்ணித் தொலைச்சே? மாப்பிள்ளையைக் காணோம்டா!"

சந்துக்குள்ளிருந்து மாப்பிள்ளையை மீட்டுக்கொண்டு வந்தார்கள். பிள்ளை வீட்டார் ஒருவர் மாஸ்டரிடம், "அந்தக் குழலு இனிமே வாயைத் திறந்துச்சுன்னா பேசினபடி பணம் வராது" என்றார். மாஸ்டர் என் தோளை அமுக்கி, "நீ ஓரமா நில்லு. எங்கூட வராதே. பேஜார் பண்ணாதே" என்று சொல்லிவிட்டு, நான் இல்லாமலே ஊர்வலத்தைக் கிளப்பினார்.

ஓரமாக நின்றேன். அந்த ஓரம் எது என்று பார்க்கவில்லை. டீக்கடை ஓரம்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. பெரியவர் முகம் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. மூன்றாவது இடமும் போனது, இனி நாலாவது இடம் பார்க்க அக்காவுக்குத் தெம்பும் இருக்காது, எனக்கு வயசும் இருக்காது என்று தோன்றியது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம். ஆனால் ஆம்பூர் மெயின் ரோடு அன்றைக்குப் பார்த்துக் கெட்டியாக இருந்தது.

அந்தப் பெண் நேராக என்னிடம் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளாரினெட்டைப் பார்த்தாள். தொங்கிக்கொண்டிருந்த ஒரு வாரை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இது லைனிங் லெதர்தானே?"

தலையாட்டினேன்.

"ஈரம் பட்டா இழுக்குமே. நீங்க கம்பெனியில எந்த செக்‌ஷன்?"

பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். "டாகிள்."

"டாகிளா?"

அவ்வளவுதான். சிரிக்க ஆரம்பித்தாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அப்பா, டாகிள்ல வேலையாம்பா!" என்று அவள் சொல்ல, அவர் அசையவில்லை. சிரித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"சரி, எதுக்குங்க கட்டினீங்க?"

யாரும் என்னிடம் அதுவரை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. என்ன சம்பளம், சொந்த வீடா என்றுதான் கேட்பார்கள். என் வாய் திறந்தது. பழைய கிளாரினெட்டிலிருந்து ஆரம்பித்தேன். அதில் கீ கம்மி என்பதால் சில சுரத்துக்கு நடுவிரலை மட்டும் தூக்கிக் கத்தரிக்கோல் மாதிரி விரல் வைக்கவேண்டும், அப்போது ஜலதோஷம் பிடித்த மாதிரி சத்தம் வரும் என்று சொன்னேன். ஏன் கட்டிப்போடுகிறோம் என்று சொன்னேன். பதினேழில் பதின்மூன்று போக மீதி நாலு என்ற கணக்கைச் சொன்னேன்.

"மீதிப் பதிமூணும் பழைய மாதிரியே இருக்கும்னு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க. நானேதான்."

"வாசிச்சுப் பார்க்கலையா?"

"பார்த்தேங்க. டிரம் செக்‌ஷன்ல."

மறுபடியும் பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு நான் பயப்படவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். கடைக்காரர் கொண்டுவந்த டீ ஆறி ஏடு கட்டியது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். விரல் வைத்துக் காட்டினேன். அவள் ஒரு கீயை அமுக்கிப் பார்த்து, "இது எதுக்கு, இது எதுக்கு?" என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன்.

பெரியவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். அக்காவைப் பார்த்து, "ஏம்மா, பையன் பேசவே மாட்டாருன்னு சொன்னியே?" என்றார்.

அக்கா, "இன்னைக்குத்தாங்க..." என்று இழுத்தாள்.

"இன்னாம்மா சொல்றே?" என்று மகளைக் கேட்டார். "ரோட்டுல ஊர் கூடி நின்னுதும்மா. நல்லா யோசிச்சிக்கோ."

கலைச்செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஷூ கம்பெனியில் சரியில்லாத ஜோடியை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். திருத்தவே முடியாதது ஒரு வகை. கொஞ்சம் பிரித்துத் தைத்தால் சரியாகிவிடுவது இன்னொரு வகை.

"ரிஜெக்ட் இல்லப்பா," என்றாள். "ரீவொர்க்."

ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. பேண்டு டேவிட் மாஸ்டர்தான். "மாப்பிள்ளை வாசிக்கக்கூடாது" என்பது அவர் போட்ட ஒரே கண்டிஷன்.

வாடகை வாத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ரஃபீக் பாயிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். (ஆமாம், நானே சொன்னேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள்.) அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட அல்லா! கீ ஜாஸ்தி ஆனா விரலுக்கு வேலை கம்மி ஆகும், அதுக்குத்தானேப்பா ஜாஸ்தி வெச்சான்! கத்தரிக்கோல் விரல் வேணாம், மூக்கடைச்ச சத்தம் வேணாம், ஒரே சுரத்துக்கு ரெண்டு வழி. அதுக்காக மொத்த வாத்தியத்தையும் மாத்திக் கட்டினான். நீ நாலைக் கட்டிட்டு மீதியைப் பழசுன்னுட்டே!"

அந்தப் பதினேழு கீயைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. பழைய விரலை மறப்பதுதான் கஷ்டம். சுண்டுவிரலுக்கு மட்டும் இரண்டு பக்கமும் சேர்த்து ஏழு கீ. பழைய வாத்தியத்தில் சும்மா இருந்து பழகிய சுண்டுவிரல், திடீரென்று வேலைக்குப் போகச் சொன்ன வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி முரண்டு பிடித்தது. அன்றைக்குத் திருப்பிக் கொடுக்காமல் விலைக்கே வாங்கிக்கொண்டதால், இப்போது அந்த வாத்தியம் என் சொந்தம். ஒரு கீயும் கட்டவில்லை. வீட்டில்தான் பழகுகிறேன். தப்பு வந்தால் அடுப்படியிலிருந்து "ரீவொர்க்!" என்று குரல் வரும். என் மகளும் அதையே கற்றுக்கொண்டுவிட்டாள். நாலாவது வீட்டுக்காரர்களும்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் எல்லாரையும்விடப் பெரிய கிண்டல் என் மாமனாருடையது. அவர் அதிகம் பேச மாட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த நாளைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ராணிப்பேட்டையில் அவர் தெருமுனையில் நான் திரும்பினால் போதும். வாசலில் நிற்கிற தன் மொபட்டைத் தள்ளி ஓரமாக நிறுத்துவார். கோலம் போட்டுக்கொண்டிருக்கும் என் மாமியாரைக் கையால் ஒதுங்கச் சொல்வார். பிறகு தானும் சுவரோடு ஒட்டி, மரியாதையாக, நேராக நிற்பார், நான் உள்ளே போகிற வரைக்கும். முகத்தில் ஒரு சுருக்கம் மாறாது.

போன வாரம் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்திருந்தார். பார்க்கப் போனோம். கட்டிலை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசலில் மொபட் நடுவிலேயே நின்றது. யாரும் ஒதுங்கவில்லை. எனக்கு என்னவோ போல இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ரூமுக்குள் நுழைந்தேன். மாமனார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நலமா என்று கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர், கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக நகர்ந்து, சுவரோரம் ஒதுங்கிப் படுத்து எனக்கு வழி விட்டார்.

இதை எழுதி முடித்தது: 2024 ஆகஸ்டு 18, ஞாயிற்றுக்கிழமை.